அட்டாச்டு பாத்ரூம் உள்ள வீடு

ஜூன் 28, ஞாயிறு

வீடு கிடைத்துவிட்டது. பொழிச்சலூர். சென்னைக்குள்ளும் இல்லை, வெளியூரும் இல்லை. "ஏர்போர்ட்டுக்கு நேர் பின்னாடிம்மா" என்று புரோக்கர் மாசிலாமணி பெருமையாகச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் யாரும் விமானம் ஏறியதில்லை என்பதால் இது எங்களுக்கு ரொம்ப வசதி.

சிந்தாதிரிப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். "கட்டி முடிச்சதும் உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன், ஆளுக்கொண்ணு வாங்கிக்கங்க" என்றார் பழைய வீட்டுக்காரர். அவ்வளவு நல்ல மனசு.

பொழிச்சலூர் வீடு முதல் மாடி, கீழே ஓனர். ஹால், சமையலறை, படுக்கையறை, தெருவைப் பார்த்த ஒரு பால்கனி. படுக்கையறைக்குள்ளேயே குளியலறை. அதற்குப் பெயர் அட்டாச்டு. அம்மா அந்தக் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வரிசைக்கே வாசலில் ஒரே குளியலறைதான். வாளியோடு வரிசையில் நின்றே நான் பி.காம். வரை படித்தேன்.

"ஹேமா, இனிமே ராத்திரில எழுந்தா செருப்பு போட வேணாம்டி" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியது. டைல்ஸைப் பார்த்துக் கண் கலங்கியவர்களை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

வீட்டு ஓனரைப் பார்ப்பதற்கு முன் மாசிலாமணி எங்களைப் படிக்கட்டிலேயே நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"கறி செய்வீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றாள் அம்மா.

"எப்பனா ஒருவாட்டின்னு சொல்லுங்க. வீட்டுக்காரர் இன்னா பண்றாரு?"

"டிரைவர்."

"இன்னா வண்டி?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் படிக்கட்டைப் பார்த்தேன்.

"அமரர் ஊர்தி" என்றாள் அம்மா.

மாசிலாமணி படியில் உட்கார்ந்துவிட்டார். "பொண வண்டியா? யம்மா, நல்ல நேரத்துல சொன்னீங்க. உள்ள போயி அத மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. ட்ராவல்ஸ்னு சொல்லுங்க. ஒரு எடத்துலேருந்து இன்னோர் எடத்துக்குத்தானே இட்டுனு போறாரு? இதுல பொய் இன்னா கீது?"

ஓனர் பெயர் தணிகாசலம். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்காணிப்பிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. நான் முதல் தலைமுறைப் பட்டதாரி என்று அம்மா சொன்னதும் அதற்கான சான்றிதழைப் பார்க்கக் கேட்டார். பிறகு, "அப்பா என்னம்மா பண்றார்?" என்று என்னிடம் கேட்டார். படித்தவள் நான்தானே.

"ட்ராவல்ஸ்ல டிரைவர் சார்" என்று மாசிலாமணி முந்திக்கொண்டார். "இல்லம்மா?"

நான் தலையாட்டினேன். நான் பேசவே இல்லை, அதனால் பொய் சொல்லவும் இல்லை.

ஜூலை 12, ஞாயிறு

பால் காய்ச்சினோம். ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக்கூடாது என்பதால் இன்றைக்கே சாமான்களும் வந்துவிட்டன. அப்பா லீவு போட்டு, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அவர் இந்த வீட்டைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அம்மா அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குளியலறையைக் காட்டினாள். ஷவரைத் திறந்து காட்டினாள். ஹீட்டர் வைக்கிற இடத்தைக் காட்டினாள். ஹீட்டர் இல்லை, இடம் இருக்கிறது.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சூப்பரா கீது லோகு" என்றார். அம்மா பெயர் லோகநாயகி. பிறகு அவர் பால்கனிக்குப் போனார், படிக்கட்டுக்குப் போனார், கீழே போய்விட்டு மேலே வந்தார்.

"வெளில குளிக்கறதுக்கு எங்க?"

அடுப்பில் பால் பொங்கியது. பால் பொங்கினால் எல்லோரும் சிரிக்க வேண்டும் என்பதால் சிரித்தோம்.

அப்பா வேலை முடிந்து வந்தால் குளிக்காமல் வாசல்படி மிதிக்க மாட்டார். நான் பார்த்த நாளெல்லாம் அப்படித்தான். பழைய வீட்டில் குளியலறை வாசலிலேயே இருந்தது. அவர் செருமுகிற சத்தம் கேட்டால் அம்மா சுவருக்கு மேல் லுங்கியைப் போடுவாள். ஈரத் தலையோடுதான் உள்ளே வருவார். சாவு வீட்டுக்கு ஒரு நாள் போய்வந்தவர்களே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறார்கள். அப்பா தினமும் போகிறவர். இந்த வீட்டில் குளிக்கப் போக வேண்டுமானால் ஹாலைத் தாண்டி, அம்மா ஆசையாக மாட்டிய சாமி படங்களைத் தாண்டி, படுக்கையறையைத் தாண்டிப் போக வேண்டும். அவ்வளவு உள்ளே, அவ்வளவு பத்திரமாக, அட்டாச் செய்து வைத்திருக்கிறார்கள்.

கேட்டருகில் ஒரு குழாய் இருக்கிறது. ஓனர் கார் கழுவவும் செடிக்கு ஊற்றவும். அங்கே ஒரு ட்ராவல்ஸ் டிரைவர் தினமும் நின்று தலைமுழுகினால் யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

"இத்தன வீடு பாத்தோம், இது எனக்குத் தோணவே இல்லையே" என்றாள் அம்மா.

"இதெல்லாம் யாருக்குத் தோணும்? உடு" என்றார் அப்பா. "கொஞ்ச நாளைக்கு ஷெட்லயே இருந்துக்கறேன். லீவு அன்னிக்கு வரேன்."

ஷெட் என்பது கூவம் ஓரம் வண்டிகளை நிறுத்துகிற தகரக் கொட்டகை. தண்ணீர் கிடையாது. படுக்க இடமும் கிடையாது. ஆனால் வண்டிக்குப் பின்னால் படுத்துக்கொள்ளலாமாம். ஏ.சி. உண்டு. காலை நீட்டிப் படுப்பதற்கென்றே செய்த வண்டி.

ஜூலை 14, செவ்வாய்

ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர், அங்கே என் ஆடிட்டர் அலுவலகம். ரயிலில் ஒரு பெண்ணின் பின்னல் என் வாய்க்குள்ளேயே பயணம் செய்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது அவள்தான், "தள்ளி நிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன்.

ஜூலை 17, வெள்ளி

ஆடி பிறந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். ஒலிபெருக்கி பாடும்போது விமானம் கேட்பதில்லை, விமானம் போகும்போது ஒலிபெருக்கி கேட்பதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து வாழ்கின்றன.

எதிர் வீட்டு வேதகிரி தாத்தா மட்டும் இரண்டையும் எதிர்க்கிறார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து, "டேய், கொறைச்சுப் பறங்கடா!" என்று விமானிகளைத் திட்டுகிறார். ஓனருக்கு இவர்தான் இருபது வருஷச் சிநேகிதராம்.

ஜூலை 20, திங்கள்

அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். அட்டை இன்னும் பழைய முகவரியில்தான் இருக்கிறது.

ஜூலை 22, புதன்

அம்மா ரேஷன் கடைக்குப் போனாள்.

ஜூலை 24, வெள்ளி

அம்மா இன்றும் ரேஷன் கடைக்குப் போனாள். போகும்போது அடுக்குச் சட்டியில் சோறு எடுத்துப் போகிறாள். வரும்போது அழுக்கு லுங்கியும் சட்டையும் வருகின்றன. இப்போதெல்லாம் ரேஷனில் இதைத்தான் தருகிறார்கள் போலிருக்கிறது.

ஜூலை 25, சனி

அப்பா வந்தார்! சென்ட்ரல் பக்கம் காசு கொடுத்துக் குளிக்கிற இடத்தில் குளித்து, வேறு சட்டை போட்டு, ஈரத் தலையோடு ரயிலேறி வந்தார். கேட்டருகில் நின்று காலைக் கழுவினார். அந்தக் குழாயில் காலைக் கழுவுவதை யாரும் ஆட்சேபிக்க முடியாது.

அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஜன்னலை மூடிவிட்டு. அப்பா இரண்டாவது வாய் வைப்பதற்குள் ஓனர் மேலே வந்துவிட்டார். பின்னாலேயே அவர் மனைவி கோகிலா ஆன்ட்டியும்.

"ஏகாம்பரம் சாரா? உங்களப் பாக்கவே முடியலையே. ஒரே டிரிப்பா?" என்றார் ஓனர்.

"ஆமா சார்" என்றார் அப்பா.

"சீசன் டயமோ?"

"நம்மளுது வருஷம் பூரா சீசன் சார்."

"வெளியூரெல்லாம் உண்டா?"

"உண்டு சார். சொந்த ஊர்ல கொண்டு போய் விடச் சொல்லுவாங்க."

"கஸ்டமர்ஸ் எப்படி? தொல்லை குடுப்பாங்களா?"

அப்பா யோசித்தார். "கஸ்டமர் ஒண்ணும் சொல்லமாட்டாங்க சார். கூட வர்றவங்கதான் சவுண்டு உடுவாங்க."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

கோகிலா ஆன்ட்டிக்குத் திருப்பதி போக வேண்டுமாம். ஆவணியில், குடும்பத்தோடு. "தெரிஞ்சவங்க வண்டின்னா நிம்மதிங்க. உங்க வண்டில எத்தன பேர் தாராளமா உக்காரலாம்?"

"அது... வண்டி இப்ப வேலைக்கு விட்டிருக்கோம்" என்றார் அப்பா.

"ஆவணிக்குள்ள வந்துடும்ல? நாங்க உங்க வண்டிலதான் போவோம். சொல்லிட்டேன்."

"இப்பவே அவசரம் இன்னாம்மா" என்றார் அப்பா. "நிதானமா வாங்க."

அவர்கள் போனபிறகு குழம்பு ஆறிப் போயிருந்தது. அப்பா அதைச் சுடவைக்க விடவில்லை. "இந்தாளு மாசிலாமணி இருக்கானே, அவன் வாயில வண்டிய ஏத்தணும்" என்றார். பிறகு, "லோகு, நான் இனிமே இங்க அடிக்கடி வர்றது செரிப்படாது. நாலு வார்த்த பேசுனா மாட்டிக்குவேன். வயசுப் பொண்ண வெச்சுனு திரும்ப எங்க போயி வீடு தேடுவ?" என்றார்.

"புள்ளைக்குக் கல்யாணம் ஆவற வரைக்கும் ஷெட்லயே இருப்பியா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா எழுந்தார். கை கழுவக் குளியலறைக்குப் போனார். அங்கே ரொம்ப நேரம் இருந்தார். டைல்ஸ் அவருக்கும் பிடித்திருக்கிறது போலிருக்கிறது.

ஜூலை 28, செவ்வாய்

அம்மா ஷவரில் குளிப்பதை விட்டுவிட்டாள். முதுகு வலிக்கிறதாம்.

ஜூலை 31, வெள்ளி

அலுவலகத்தில் என் பக்கத்து மேசை ஷர்மிளா, "புது வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு."

"அப்பா அம்மாவுக்குப் பிடிச்சிருக்கா?"

"ரொம்ப."

மாலையில் எழும்பூரில் ரயில் ஏறாமல் நடந்தேன். நடப்பது உடம்புக்கு நல்லது. நடந்து நடந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துக்கு வந்துவிட்டேன். இந்த வாரத்தில் எல்லா நாளும் இப்படித்தான் ஆகிறது. பாலத்திலிருந்து பார்த்தால் ஷெட் தெரியும். அப்பா வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, படியில் உட்கார்ந்து, பொட்டலத்திலிருந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. எங்கள் வீட்டுத் தலையணை. உறையில் போட்ட பூ அம்மாவின் கைவேலை.

கூப்பிட்டிருக்கலாம். போக்குவரத்துச் சத்தத்தில் கேட்டிருக்காது. கீழே இறங்கிப் போயிருக்கலாம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கோகிலா ஆன்ட்டி தூக்குச் சட்டி நிறையக் கொண்டுவந்து தந்தார். நல்ல மனுஷி. திருப்பதிக்கு இன்னும் சிலர் சேர்ந்திருக்கிறார்களாம். வண்டி எப்போது வருமென்று கேட்டார். நான் தலையாட்டினேன். எந்தக் கேள்விக்கும் என் தலை ஆடுகிறது.

வேதகிரி தாத்தாவுக்கு நெஞ்சுவலி. சென்ட்ரல் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இன்று விமானங்களைக் கேட்பாரில்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

அம்மாவிடம் வேறு வீடு பார்க்கலாமா என்று கேட்டேன். "ஆடி மாசத்துல எவன் வீடு மாத்துவான்?" என்றாள். பிறகு, "எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வியத்தானடி கேப்பான்" என்றாள். பிறகு, "அப்பவும் நீ தலையத்தான் ஆட்டப்போற" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

காலையில் அப்பா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"லோகு, உங்க தெருவுக்குத்தான் வண்டி வருது. வேதகிரின்னு ஒரு பெரியவரு, ஆஸ்பத்திரில காலம்பற தவறிட்டாரு. அட்ரஸ்ஸ பாத்ததும் வேற ஆள அனுப்பச் சொன்னேன். எல்லாம் வெளியூர் போயிருக்கானுங்கோ. நான்தான் வரணும்."

அம்மா ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய வராதீங்க. பால்கனிலகூட நிக்காதீங்க. என்னிய பாத்தா ஒனக்கு மூஞ்சி மாறிடும். இன்னா, கேக்குதா? நான் பாட்டுக்கு எறக்கி வெச்சு, எடுத்துனு பூடறேன்."

உங்க தெரு என்று அவர் சொன்னதை நாங்கள் யாரும் திருத்தவில்லை.

வண்டி வந்தது. பால்கனிக் கதவை மூடிவிட்டு, ஜன்னல் இடுக்கில் நின்றேன். அப்பா காக்கிச் சட்டையில் இறங்கினார். எதிர் வீட்டு வாசலில் ஷாமியானா போட இடம் விட்டு வண்டியைத் தள்ளி நிறுத்தினார். அப்படித் தள்ளி நிறுத்தியதில் வண்டி சரியாக எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்துவிட்டது. நெற்றியில் "இறுதிப் பயணம்" என்று எழுதிய பலகை எங்கள் ஓனரின் செம்பருத்திச் செடியைப் பார்த்து நின்றது.

சாவு வீட்டுப் பொறுப்பெல்லாம் ஓனர் தலையில்தான். அவர் எல்லோரையும் கண்காணித்தார். அப்பாவைக் கூடுதலாகக் கண்காணித்தார்.

"யோவ் டிரைவர், ஃப்ரீசர் பெட்டிய நிழல்ல வை."

"வெச்சாச்சு சார்."

"பிளக் சரியா சொருகினியா?"

"சொருகியாச்சு சார்."

"என்னய்யா எல்லாத்துக்கும் ஆச்சு ஆச்சுங்கற?"

இரண்டு வாரத்துக்கு முன் எங்கள் ஹாலில் ஓனர் இதே மனிதரோடுதான் உட்கார்ந்து ஏகாம்பரம் சார், ஏகாம்பரம் சார் என்று பேசினார். இன்று முகத்துக்கு நேராகப் பேசியும் அடையாளம் தெரியவில்லை. காக்கிச் சட்டை போட்டால் முகம் தேவைப்படாது என்பதை நான் குறித்துக்கொண்டேன். அப்பா தப்பித்தார் என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு எனக்கே பிடிக்கவில்லை.

பகல் முழுக்க அப்பா வண்டியின் நிழலில், தரையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் கதவிலிருந்து பதினைந்து படி கீழே. மாடியில் அம்மா சோறு வடித்திருந்தாள். யாரும் சாப்பிடவில்லை. அப்பா ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமென்று கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மதியத்துக்கு மேல் மேளம் அடித்துக்கொண்டு அப்பாவின் வண்டியில் எடுத்துப் போனார்கள். ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குப் போனார்கள். கோகிலா ஆன்ட்டி படியில் நின்றபடி தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெண்களுக்குச் சட்டத்தில் ஏதோ சலுகை உண்டு.

சாயங்காலம் எல்லோரும் திரும்பினார்கள். அப்போதுதான் அது நடந்தது.

யாரும் வீட்டுக்குள் போகவில்லை. போக முடியவில்லை. குளிக்காமல் எப்படிப் போவார்கள்? இந்தத் தெருவில் எல்லாமே புது வீடுகள். எல்லாக் குளியலறையும் ஹாலைத் தாண்டி, சாமி படத்தைத் தாண்டி, படுக்கையறையைத் தாண்டி. தெரு முழுக்க வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள் அவரவர் கேட்டில் நின்று அவரவர் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பக்கெட்டு!" "அடியே, பக்கெட்டு!" "துண்டு எடுத்துட்டு வா, படியத் தாண்டிக் கீழ வராத!" ஒரு பொறியாளர் தன் காருக்குப் பின்னால் ஒளிந்து குளித்தார். எங்கள் ஓனர் செம்பருத்திச் செடிக்கு அருகில், கார் கழுவும் குழாயடியில், ஜட்டி தெரிகிற ஈர வேட்டியோடு, தலையில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஃப்ரீசர் பெட்டியை எடுக்க அப்பாவின் வண்டியும் திரும்பி வந்திருந்தது. பெட்டியை ஏற்றினார். கதவைச் சாத்தினார். தெருவே குளித்துக்கொண்டிருந்தது, அவர் மட்டும் காய்ந்த தலையோடு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

நான் குளியலறைக்குப் போனேன். வாளியை நிரப்பினேன். தூக்கும்போது அம்மா, "எங்கடி?" என்றாள். "கீழ" என்றேன். அவள் தடுக்கவில்லை. கொடியிலிருந்து லுங்கியை உருவி என் தோளில் போட்டாள்.

படியெல்லாம் தண்ணீர் சிந்திற்று. கேட்டருகில் வாளியை வைத்துவிட்டு வண்டியின் ஜன்னலுக்குப் போனேன். அப்பா நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்குங்கப்பா. குளிச்சிட்டு வந்து சாப்புடுங்க."

"மேல போ ஹேமா" என்றார், உதடு அசையாமல். "பாக்கறாங்கோ."

"பாக்கட்டும்."

"கொயந்த, சொன்னாக் கேளு. வீடு போயிடும்."

"நீங்க இல்லாத வீடு இருந்தா என்ன, போனா என்ன?"

இதை நான் மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். என் குரல் இவ்வளவு சத்தமாக வருமென்று எனக்குத் தெரியாது. பயன்படுத்தாமலே வைத்திருந்ததால் புதுசாகவே இருந்திருக்கிறது.

"யாரும்மா அங்க? யாரக் கூப்பிடற?" சோப்பு எரிந்ததால் ஓனருக்குக் கண் திறக்க முடியவில்லை.

"எங்கப்பாவ சார்."

"உங்கப்பா ட்ராவல்ஸ்ல இல்ல...?"

"இல்ல சார். இந்த வண்டிதான் ஓட்டறார். அன்னிக்கும் இதுதான். நான்தான் சொல்லல."

ஓனர் தலையில் ஒரு குவளை ஊற்றிக் கண்ணைத் திறந்தார். வண்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். நாள் முழுக்க யோவ் யோவ் என்று கூப்பிட்ட முகத்துக்கு இப்போதுதான் பெயர் வந்தது. "ஏகாம்பரம் சார்?" என்றார். பழக்கதோஷத்தில் சார் என்று சொல்லிவிட்டு, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் நின்றார்.

படிக்கட்டிலிருந்து கோகிலா ஆன்ட்டியின் குரல் வந்தது. "ஐயோ ஐயோ, இதுலயா என்னத் திருப்பதிக்கு ஏத்தப் பாத்தீங்க!"

காருக்குப் பின்னாலிருந்த பொறியாளர் சிரித்துவிட்டார். சாவுத் தெருவில் சிரிக்கக்கூடாது என்பதால் இருமினார்.

அப்பா இறங்கினார். வாளியருகில் வந்து, காக்கிச் சட்டையைக் கழற்றி கேட்டின் மேல் போட்டார். ஓனருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு செம்பருத்திச் செடிதான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஓனர் முதலில் முடித்தார். அவருக்கு உள்ளே போக அவசரம்.

அப்பா மேலே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அமரர் ஊர்தி எங்கள் வீட்டுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றது.

ஆகஸ்ட் 10, திங்கள்

ஓனர் மேலே வந்தார். வாசலிலேயே நின்றார். "நீங்க மறைச்சது தப்பு" என்றார். தப்புதான் என்றேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, எல்லாரும் போகப் போறவங்கதான். ஆனா ஆன்ட்டி ராத்திரியெல்லாம் தூங்கல. வீட்டக் காலி பண்ணிடுங்க" என்றார்.

எப்போது என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். ஆடியில் காலி செய்யச் சொன்னால் அவர்கள் வீட்டுக்கே ஆகாதாம். ஆவணியில்தான் சொல்ல முடியும். அதற்குள் எங்களுக்கு வேறு வீடு கிடைக்காவிட்டால் அடுத்தது புரட்டாசி. புரட்டாசியிலும் வீடு மாறக்கூடாது. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு முகம் வாடி இறங்கிப் போனார். இத்தனை வருஷத்தில் பஞ்சாங்கம் முதல்முறையாக எங்கள் பக்கம் பேசியது.

"அது வரைக்கும் அப்பா இங்கதான் சார் இருப்பார். கீழ குழாய்லதான் குளிப்பார்" என்று படியில் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் திரும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

அம்மா ரேஷன் கடைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

வெளிச்சம் இருக்கும்போதே அப்பா ரயிலில் வந்துவிட்டார். கீழே குழாயடியில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது மாசிலாமணி போன் செய்தார். பால்கனிக்கு வந்து எடுத்தேன்.

"யம்மா, அனகாபுத்தூர்ல ஒரு வீடு கீது. சும்மா அரண்மனை. அட்டாச்டு பாத்ரூமு..."

"வெளில குளிக்க இடம் இருக்கா?"

"வெளிலயா? எல்லாரும் உள்ள கீதான்னு கேக்குறாங்கோ, நீ வெளிலன்ற. செரி, பின்னாடி கெணத்தாண்ட ஒண்ணு கீது. அந்த ஓனரும் இந்த மாரிதான், நோண்டி நோண்டிக் கேப்பாரு. அப்பா இன்னா பண்றாருன்னா இன்னா சொல்றது? இந்தவாட்டி வெளிநாடுன்னு சொல்லிடலாமா?"

"எங்கப்பா அமரர் ஊர்தி ஓட்டறார்."

"யம்மா, அது எனக்குத் தெரியும். ஓனராண்ட..."

"எங்கப்பா அமரர் ஊர்தி ஓட்டறார்" என்று மறுபடி சொன்னேன். தலைக்கு மேல் விமானம் ஒன்று போனதால் கத்த வேண்டியிருந்தது. விமானம் சட்டென்று போய்விட்டது. என் குரல் மட்டும் தெருவில் மீதியிருந்தது. கீழே ஓனர் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"அதுக்கு ஏம்மா இந்த சவுண்டு" என்றார் மாசிலாமணி. "சொல்றேன், சொல்றேன். ஆனா கஷ்டம்மா."

"கஷ்டப்பட்டுத் தேடுங்க" என்றேன்.

அப்பா சோப்பு நுரையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குவளையில் மீதியிருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"துண்டப் போடு" என்றார்.